வெறும் பிளாப்பி

ஜன்னலச் சாத்திக்கிடுதேன் அண்ணாச்சி. சீசன் நேரம், சாரல் பட்டா கம்ப்யூட்டருக்கு ஆகாது. உக்காருங்க, டீயக் குடிச்சிக்கிட்டே கேளுங்க. நீங்க கோவப்படுத அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

எண்பத்தெட்டுல தென்காசியில ஒரு கம்ப்யூட்டர், குத்தாலத்துல ஒரு கம்ப்யூட்டர்னு வாங்கிப் போட்டு கல்யாணத் தகவல் நிலையம் ஆரம்பிச்சது நீங்க. ஊர்ல ஒருத்தன் தரகர்கிட்ட போகல அதுக்குப் பெறகு. கம்ப்யூட்டர் சொன்னாத்தான் பொருத்தம்னு ஆயிட்டு. இங்கன தென்காசியில நான் மாப்பிள்ளைங்க ஜாதகத்த அடிச்சு பிளாப்பித் தட்டுல ஏத்துவேன். டவுன் பஸ் கண்டக்டர் கிச்சா அதக் கொண்டு போவான். அங்கன சண்முகசுந்தரி அத மெஷின்ல போட்டு, பொண்ணுங்க ஜாதகத்தோட சேத்துப் பாத்துச் சொல்லுவா.

அந்தப் பொண்ணுங்கள்ல சண்முகசுந்தரியும் ஒருத்தி. மாப்பிள்ளைங்கள்ல நானும் ஒருத்தன். நேர்ல போயி கேக்க எனக்குத் தைரியம் கெடையாது. மெஷினே சொல்லட்டும்னு இருந்தேன்.

கம்ப்யூட்டர் வித்த மதுரைக்காரன் குடுத்த ப்ரோகிராம்ல 'வேண்டாத பேர்'னு ஒரு வரி உண்டு. அதுல எழுதுன பேரு பிளாப்பியில ஏறாது. முழுப் பேரும் வேண்டாம். முதல் எழுத்துகள அடிச்சு ஒரு நட்சத்திரக் குறி போட்டாப் போதும், மிச்சத்த அதுவே பிடிச்சிக்கிடும்.

மேலகரத்து ஹரிஹரசுப்பிரமணியனுக்கு பேங்க் வேலை, சுருட்டை முடி. அவர் ஜாதகம் அங்கன போனா சண்முகசுந்தரிக்குப் பொருந்திரும்னு தோணிச்சு. 'ஹரி' அடிச்சு ஒரு நட்சத்திரம் போட்டேன். அவரோட சேந்து இந்தப் பக்கத்து ஹரி அம்புட்டுப் பேரும் நின்னு போனாவ. அதுக்கு நான் என்ன செய்ய? அடுத்து பரமசிவன் வாத்தியார். ஆர்மோனியம் வாசிப்பாரு, அது ஆபத்து. 'பரம', நட்சத்திரம்.

பெறகு உங்க மவன் தங்கசாமி. டீ ஆறுது அண்ணாச்சி. ஜாதகத்தக் கொண்டாந்து தந்தது நீங்கதான். முதலாளி வீட்டுப் புள்ள பேர வேண்டாத பேர்னு முழுசா எழுத எனக்குக் கை வரல. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா. அதனால நட்சத்திரத்த முன்னால போட்டு, பின்னால 'சாமி'ன்னு மட்டும் அடிச்சேன். சாமின்னு முடியுத பேர் மட்டும் நிக்கும்னு நெனச்சேன்.

அங்கதான் ஒரு சின்ன விஷயம். இந்த மெஷின் நட்சத்திரத்தோட படிக்கத நிறுத்திரும். அதுக்குப் பின்னால சாமின்னு எழுதுனாலும் பூதம்னு எழுதுனாலும் ஒண்ணுதான். வெறும் நட்சத்திரம்னா எல்லாப் பேரும்னு அர்த்தம்.

ஆவணியில கிச்சா கொண்டு போனது வெறும் பிளாப்பி. ஐப்பசியிலயும் வெறும் பிளாப்பி. சுரண்டை வரைக்கும் ஒரு வீட்டுல வாழமரம் கட்டல. கல்யாண மண்டபத்துல வத்தல் காயப் போட்டாவ. மேளக்காரர் கடற்கரை இருக்காருல்லா, அவரு புளியங்குடிக்கு எலுமிச்சம்பழ மூட்ட தூக்கப் போயிட்டாரு. வழியில என்னையப் பாத்து, "ஏன் தம்பி, ஊர்ல ஒருத்தனுக்குமா பொண்ணு அமையல?"ன்னாரு. "காலம் அப்படி இருக்கு அண்ணாச்சி"ன்னேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்ல.

தையிலயே காரணத்தக் கண்டுபிடிச்சிட்டேன். மாத்தல. எல்லாரும் நின்னுட்டா நான் ஒருத்தன்தானே மிச்சம்னு இருந்துட்டேன். எல்லாரும்னா அதுல நானும் உண்டுன்னு தோணல. நம்மள யாரு அண்ணாச்சி எல்லாரோடயும் சேத்து நெனைப்பாவ?

சண்முகசுந்தரியோட அப்பா வருவாருன்னு தெனமும் இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்திருந்தேன். பங்குனியில வந்தாரு. கையில கல்யாணப் பத்திரிகை.

"கம்ப்யூட்டரே ஒருத்தனும் இல்லன்னு சொல்லிட்டு தம்பி. நாங்களே பாத்து முடிச்சிட்டோம்"ன்னாரு.

மாப்பிள்ளை கிச்சா.

அவன்ட்ட எப்படிலேன்னு கேட்டேன். "அத ஏன் கேக்கிய முப்பிடாதியண்ணே. பிளாப்பியப் போட்டா ஒண்ணும் வராது. பஸ் எடுக்க வரைக்கும் ரெண்டு பேரும் சும்மாதான இருப்போம். அப்படியே பேச்சு வளந்துட்டு"ன்னான். வெக்கப்பட்டான் வேற. பொருத்தம் பாத்தாவளான்னு கேட்டேன். அவன் பொறந்த நேரத்த யாரும் குறிச்சு வைக்கலியாம், ஜாதகமே கெடையாதாம்.

நான் எதையும் மறைக்கல அண்ணாச்சி. அந்த வரி இன்னும் மெஷின்ல அப்படியேதான் இருக்கு, நீங்களே பாத்துக்கிடலாம். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். என் மேலயும் ஒரு தப்பு இருக்கத்தான் செய்யுது. ஜாதகம் இல்லேன்னா என்ன, நானே ஒண்ணு எழுதி, கிச்சா பேர்லயும் ஒரு ஃபைல் போட்டு வச்சிருக்கணும். நட்சத்திரம் அவனையும் பிடிச்சு நிறுத்தியிருக்கும்.