எல்லாத்துக்கும் ஆமாங்கற பையன்

இல்லீங் டாக்டரம்மிணி, ஒக்காரலீங்க. நின்னுக்கிட்டே சொல்லீர்றேன். அந்த மயில்சாமி பேரனுக்கு மட்டும், கேசு என்னன்னே இவனுக்கு வெளங்காது, மொதல்ல வைத்தியம் பாருங்கன்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்தீங்களாமா. எம் மக வவுத்துப் பேரன் பிரதீப்புக்கு மட்டும் எல்லாம் வெளங்குதுன்னு எழுதீட்டீங்க.

பொறாமதானுங்க, இல்லைன்னா சொல்றேன்? ரெண்டு பேரும் ஒரே சந்துப் பசங்க. முதலிபாளையத்துல பனியன் வேஸ்ட் குடோன் எரிஞ்சதுக்குத்தான் ரெண்டு பேரையும் புடிச்சாங்க. மயில்சாமி பேரன் அந்தத் தரணீதரன் செத்துப்போன செல்போனையே பேச வெக்கற பயலுங்க. உங்க முன்னால செவுத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தானாமா. இன்னைக்கு அவிங்கூட்டுல பிரியாணி. மயில்சாமி எங்கூட்டுப் பக்கமாத் திரும்பி ஏப்பம் உடறான். அந்த ஏப்பத்துல என்ற முருங்க மரம் ஒடிஞ்சே உழுந்துருச்சுங்க.

சிரிக்காதீங்க அம்மிணி.

நீங்க கேட்டதுக்கெல்லாம் பிரதீப்பு ஆமாங்கன்னானாக்கும்? பெரியவங்க எதக் கேட்டாலும் அவன் அப்படித்தானுங்க. அவன் வேலைக்குப் போற பனியன் கம்பெனியில ஒரு டெய்லரு, உனக்குக் கண்ணாலம் ஆயிருச்சாடான்னான். ஆமாங்கன்னான். எத்தன கொழந்தைன்னதுக்கும் ஆமாங்க. கம்பெனியே வவுத்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. இவனும் சேந்து சிரிச்சான், எதுக்குன்னு தெரியாமயே. போலீசு, தீ வெச்சது நீதானாடான்னு கேட்டப்ப என்னத்தச் சொல்லீருப்பான்? வேணும்னா உள்ள போயி, நீ பறப்பியா கண்ணுன்னு கேட்டுப்பாருங்க.

அதானுங்க எனக்கு எரியுது. மயில்சாமி நாளெல்லாம் சேத்து நாலு வார்த்த பேசுனா அதிசயம். அவன் சொன்னா அதிகாரிகளே தலையாட்டறாங்க. நா வாயத் தொறந்தா டீக்கடையில கூட்டம் கூடுது, ஒரு பய எந்திரிச்சுப் போகமாட்டான். அதே வாயோட ஸ்டேசனுக்குப் போனா, பெருசு ஆரம்பிச்சிருச்சுடோய்னு சிரிச்சு அனுப்பீட்டாங்க.

அங்க என்ன சொன்னேனா? பெருசா ஒண்ணுமில்லீங்க. குடோன் எரிஞ்ச அன்னைக்குச் சனிக்கெழம. எங்கூட்டு வாசல்ல பிரதீப்பு எனக்கு முதுகுல எண்ண தேச்சுட்டு இருந்தானுங்க. எனக்குத்தான் கண்ணு மங்கலாச்சே. அப்புச்சி, அங்க பொகைங்கன்னு என்ற தலையப் புடிச்சுத் திருப்பி அவந்தான் காட்டுனான்.