அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்தவர்கள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தில் நரைத்த பெரியோர்களே! பெற்ற பிள்ளைக்கும் பெறாத பிள்ளைக்கும் சேர்த்து மன்றாடும் தாய்மார்களே! இடமில்லாமல் வாசலில் நிற்கும் இளைஞர்களே! வணக்கம்.

பகைவரை நேசிப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். இனிக்க இனிக்கப் பேசியிருக்கலாம். ஆனால் நெஞ்சு கொதிக்கிறது, ஐயா!

நம் சபையில் ஒரு தையல்காரி இருக்கிறார். அவர் கணவர் பெயிண்டர். மூன்றாம் மாடியில் சாரம் சரிந்து, விழுந்து இறந்தார். சாரத்தை அரைகுறையாகக் கட்டவைத்த மேஸ்திரி விசாரணையில் என்ன சொன்னார்? "அவன் குடிச்சிட்டு ஏறினான் சார்!" அத்தோடு பழி பிணத்தின் மேல் விழுந்தது.

நாம் என்ன செய்தோம்? நம்பினோம்! அடக்கத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். நான் போகவில்லை. அவர் மகளைக் 'குடிகாரன் பொண்ணு' என்று கூப்பிட்டது யார்? ஊரா? உலகமா? நம் வீட்டுப் பிள்ளைகள்!

மூன்று ஆண்டுகள் கழித்துக் கூட வேலை செய்தவர்கள் வாய் திறந்தார்கள், உண்மை கசிந்தது. உடனே நம் கோபம் கட்சி மாறி மேஸ்திரி மேல் பாய்ந்தது. அந்தத் தையல்காரியிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னோமா? இல்லை!

போன மாதம் மேஸ்திரி கோலூன்றி ஆலயத்துக்கு வந்தார். பக்கவாதம், வலக்கை வேலை செய்யவில்லை. சட்டைப் பொத்தான்கள் மாறிக் கிடந்தன. அவர் உட்கார்ந்ததும் பெஞ்சே காலி! ஏன் எழுந்தீர்கள் என்றால், "அந்தத் தங்கச்சிக்காகத்தான்" என்கிறீர்கள். தங்கச்சி கேட்டாரா? என்ன ஐயா, சிரிக்கிறீர்கள்? நீங்களும் எழுந்தவர்தானே!

தையல்காரி தன் இடத்தைவிட்டு வந்தார். மேஸ்திரி அருகே அமர்ந்தார். பொத்தான்களை ஒவ்வொன்றாய்க் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார். அந்த மனிதர் உடைந்து போனார்.

"பொய் சொல்லிட்டேம்மா. அவன் குடிக்கவே இல்ல. என்னை மன்னிச்சிரும்மா."

"நான் மன்னிச்சிட்டேண்ணே. தினமும் ஜெபம் பண்ணி, அழுது, கஷ்டப்பட்டுத்தான் மன்னிச்சேன். ஆனா இதை என் பொண்ணு கேக்கணும். எல்லாரும் கேக்கணும். எழுந்து சொல்லுங்க."

சொன்னார், ஐயா! குழறிய நாவால், குறுகிய உடலோடு, கூடியிருந்தோர் முன் சொன்னார்!

மன்னிப்பைக் கோழைத்தனம் என்பவனே, அவளைப் போல அந்த மனிதர் பக்கத்தில் உட்காரும் தைரியம் உனக்கு உண்டா? மன்னிப்பென்றால் உண்மையை மூடுவதென்று நினைப்பவனே, அவள் மூடினாளா? தம்மை ஆணியடித்தவர்களுக்காக மன்றாடிய ஆண்டவரை அறிந்தவள் அவள். நாமோ அவர் பெயரை மட்டும் அறிந்தவர்கள்!

தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். தவறே செய்யாதவர்கள் போல நாம் உட்கார்ந்திருக்கிறோம்! கைதட்ட வேண்டாம். கைதட்டத் தகுதி இல்லை நமக்கு.

மூன்றாம் வரிசையில் இருக்கும் மகளே, உன் தகப்பன் நல்லவர். அவர் அடக்கத்துக்கு வராத என்னை மன்னித்துவிடு அம்மா.

பொறுமையோடு திட்டு வாங்கிய உங்கள் அனைவருக்கும் நன்றி. நான் இறங்கி அந்தப் பிள்ளையிடம் போகிறேன். வருகிறவர்கள் பின்னால் வாருங்கள். வணக்கம்.