தூக்கத்தில் நாற்பத்தாறு

"நீ எழுப்பி எழுப்பியே என்னைக் கொன்னுபோடுவே அம்மணி."

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் கிளம்பும் நேரம். முன் சீட்டில் அறுபது வயதுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை உடனே நிறுத்திவிட்டேன்.

"பின்னெ? மக வாங்கிக் குடுத்த வாட்ச்சுல நாடி நாப்பத்தாறுன்னு காட்டுனா எழுப்பாம என்ன பண்றதுங்க?"

"நாலு ராத்திரியா, உசுரோட இருக்கீங்களான்னு என்னையவே கேக்கறே. இருக்கேன்னு சொல்லிப்போட்டு அப்பறம் எப்படித் தூங்கறது?"

"எழுப்புனதும் நாடி எழுபதுக்கு ஏறுச்சுல்லங்க!"

"பயத்துல ஏறுச்சு. இன்னைக்கு டாக்டரு மெஷின்ல நடக்கவுட்டுப் பாத்துப்போட்டு என்ன சொன்னாரு, அதைச் சொல்லு."

"பழனி நடைக்குன்னு வருசம் பூராவும் வெடியால அஞ்சு மணிக்கே நடந்து பழகுன நெஞ்சு, ஒவ்வொரு துடிப்புக்கும் நெறைய ரத்தம் தள்ளுமாமா. தூங்கறப்ப அதுக்கு அவசரமே இல்லீங்களாமா. மயக்கமோ மூச்சுத் திணறலோ இல்லாததால பயமே இல்லைன்னாருங்க."

"அப்பறம்?"

"எம்பட நாடியும் பாத்தாரு. தொண்ணூறு. நாளைல இருந்து நானும் உங்ககூட நடக்கோணுமாமா."

அவர் சிரித்த சிரிப்பில் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஈச்சனாரி தாண்டுவதற்குள் அவர் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. அந்தம்மா அவர் கையிலிருந்த வாட்ச்சை ஒருமுறை பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

டிக்கெட் கேட்க, கண்டக்டர் அவர் தோளைத் தட்டப்போனார்.

"எழுப்பிப்போடாதீங்க தம்பி! கிணத்துக்கடவு ரெண்டு, நான் தாரேன்."