நான்கு மீட்டர் நன்னீர்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் நகர்மன்றத் தலைவி அவர்களே! உப்புநீர் குடித்தும் உள்ளம் கரிக்காத பெரியோர்களே! குடம் சுமந்து தோள் சாய்ந்த தாய்மார்களே! மகளைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா அவர்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இந்தப் புதுக் கிணற்றின் திறப்பு விழாவில் வாழ்த்துரை வழங்கச் சொன்னார்கள். நான் வழங்கப்போவது வாக்குமூலம்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதே திடலில் ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டோம். துளைக்குள் அளவுக் கருவியை இறக்கிய பொறியாளன் நான். அது ஒரு நீண்ட குழாய், உள்ளே கம்பிச்சுருள்கள். ஒரு சுருள் பாறைக்குள் மின்காந்த அலையை அனுப்பும்; இன்னொன்று பாறையின் பதிலை வாங்கும். உப்புநீரில் மின்சாரம் எளிதாக ஓடும், நன்னீரில் தடைபடும். முந்நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் தடை குறைவாக இருந்தது. "உப்பு" என்று எழுதினேன்.

எங்கள் அலுவலகத்தில் இந்த அம்மாவின் மகள் வேலை பார்த்தாள். என் மகள் வயது. 'அவள்' என்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி அடுக்குகளைக் கணினியில் உருவாக்கி, அவற்றுக்குள் கருவி இறங்கினால் என்ன அளவு காட்டும் என்று கணக்கிடுவாள். எந்நேரமும் அடுக்கு, அடுக்கு என்பாள். அதையே பட்டப்பெயராக வைத்துவிட்டோம்... சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவளும் சிரிப்பாள்.

அன்று அவள் சிரிக்கவில்லை. "சார், அது மெல்லிசான அடுக்கு. மேலயும் கீழயும் களிமண். களிமண்ணுல மின்சாரம் நல்லா ஓடும். கருவி அதையும் சேர்த்துத்தான் கேக்குது. ரெண்டு நாள் குடுங்க, கணக்குப் போட்டுச் சொல்றேன்."

"பதினெட்டு வருஷமா இதத்தாம்மா பாக்குறேன். என் கண்ணவிட உன் கம்ப்யூட்டர் பெருசா?"

கையெழுத்துப் போட்டேன். மறுநாளே சிமென்ட் கலவையை ஊற்றித் துளையை மூடினார்கள்.

மூன்றாம் நாள் ஒரு தாளோடு ஓடிவந்தாள். "நாலு மீட்டர் கனத்துக்கு சார்! நல்ல தண்ணி!"

"மூடியாச்சும்மா."

கத்தினாளா? இல்லை. கடிந்துகொண்டாளா? இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடைவழி ஜன்னலோரம் நெடுநேரம் நின்றாள். நான் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

புதுக் கிணறு கேட்டு மேலிடத்துக்கு ஆண்டுக்கொரு மனுப் போட்டாள். "அங்கே உப்பு என்று உங்கள் அறிக்கையே சொல்கிறதே" என்று ஆண்டுக்கொரு பதில் வந்தது. யாருடைய அறிக்கை? என் அறிக்கை! யாருடைய கையெழுத்து? என் கையெழுத்து! தவறு என்று எழுதிக்கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? ஐந்து நிமிடம். நான் எடுத்துக்கொண்டது பத்து ஆண்டு. பதவி உயர்வு போய்விடுமே என்ற பயம், ஐயா! வேறென்ன சொல்ல?

நோய் முற்றி அவள் படுக்கையில் கிடந்தபோது பார்க்கப் போனேன். "சார், அந்த ஒரு வரிய மட்டும் மாத்திக் குடுப்பீங்களா?" என்றாள். அந்தக் கட்டிலருகிலேயே உட்கார்ந்து எழுதினேன். அனுமதி வந்தது. அவள் இல்லை.

பழைய துளைக்கு முப்பதடி தள்ளிப் புதிதாகத் துளையிட்டோம். கருவி காட்டியது என்ன? அதே அளவு! "உப்புதான் சார், மூடிடலாமா?" என்றார் துளையிடும் குழுவின் மேஸ்திரி. அவள் எழுதிவைத்த கணினி நிரலை ஓட்டினேன். நான்கு மீட்டர் என்றது. "தண்ணிக் குழாய இறக்குங்க" என்றேன்.

"அப்புறம்?" என்கிறார் பின்வரிசைத் தம்பி. தண்ணீர் வந்தது, தம்பி! சோதனைக்குப் பம்பை ஓட்டிய அன்று முதல் குவளையை இந்த அம்மாவிடம் நீட்டினேன். ஒரு மடக்குக் குடித்தார்கள். "நல்லாருக்குய்யா," என்றார்கள். பிறகு மெல்ல, "எம் பொண்ணு வாயில ஒரு சொட்டு விழலையே," என்றார்கள்.

கருவி பொய் சொல்லவில்லை. களிமண் பொய் சொல்லவில்லை. கணக்கும் பொய் சொல்லவில்லை. பத்தாண்டு பொய்யாக நின்றது என் கையெழுத்து ஒன்றுதான். கையெழுத்துப் போடும் இடத்தில் இருப்பவர்களே, தவறு தெரிந்த அன்றே திருத்துங்கள். காத்திருக்கும் உயிர்களுக்கு நம்மைப்போல் காலம் மிச்சமிருக்காது.

இந்த வால்வைத் திறக்கும் தகுதி எனக்கில்லை. அம்மா, நீங்கள் வாருங்கள். படியில் யாராவது கை கொடுங்கள்... மெதுவாக, மெதுவாக.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என்னை மேடையிலிருந்து இறக்கிவிடாமல் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.