நீலக் கோப்பைக்காகக் காத்திருந்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, பூங்கா மேலாளர் அவர்களே, ராட்டினம் ஓட்டும் தம்பிகளே, டிக்கெட் கவுண்டர் தங்கைகளே, முன்வரிசையில் தலைகுனிந்து இருக்கும் டீ மாஸ்டரின் துணைவியாரே, எல்லோரையும் வணங்குகிறேன்.

இந்த வயதில்தான் எழுதப் பழகினேன். பெரிதாக ஒன்று எழுதிப் பத்துப் பேர் முன்னால் படிக்க வேண்டும் என்று ஆசை ஆசையாக இருந்தேன். அது நம் டீ மாஸ்டருக்கு இரங்கலாக அமையும் என்று கண்டேனா? நிதானமாகத்தான் படிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெரிய கோப்பைகளில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சுற்றிவிடுகிற ராட்டினம் அவருடையது. அதனால்தான் டீ மாஸ்டர் என்று பெயர் வந்தது. டீ போடத் தெரியாத டீ மாஸ்டர்! "அவரை வெந்நீர் வைக்கச் சொன்னா அதுவும் தீஞ்சிடும்" என்று அவர் மனைவி, என் தங்கச்சி மாதிரி, சொல்லிச் சிரிக்கும். அந்த ராட்டினத்துக்கு எண்ணெய் போடுகிற கிழவன் நான். மோட்டார் அதே மோட்டார்தான். இப்போது ஏன் அதன் சத்தம் எனக்கு அழுகையாகக் கேட்கிறது?

ஞாயிறுதோறும் ஒரு பெண்பிள்ளை வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளை. வாய் பேசாது. இத்தனை ராட்டினம் இருக்க, வேறு எதையும் ஏறெடுத்தும் பார்க்காது. நேரே கோப்பைக்கு வரும். ஒவ்வொரு கோப்பையையும் தடவிப் பார்த்து, ஒரு சுற்று நடந்து, கடைசியில் நீலக் கோப்பையில்தான் ஏறும். "மேனேஜர் அம்மா செக்கிங் வந்துட்டாங்க, எல்லாரும் ஒழுங்கா நில்லுங்கப்பா!" என்பார் டீ மாஸ்டர். மேடையில் இருக்கும் நம் மேலாளர் கோபித்துக்கொண்டாரா? "எனக்கும் மேல ஒருத்தர் இருக்கட்டும்யா" என்றார்!

சுவிட்சைப் போடுமுன் "போகலாமா?" என்று கேட்க வேண்டும், பிள்ளைகள் "போகலாம்" என்று கத்த வேண்டும் என்பது நம் பூங்காவின் முறை. மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். டீ மாஸ்டர் அப்படிச் செய்தாரா? இல்லை! எல்லாப் பிள்ளைகளும் கத்தி முடித்த பிறகும் நீலக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பிள்ளை கோப்பைக்கு நடுவில் இருக்கும் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைக்கும். அதுதான் அதன் "போகலாம்." அப்புறம்தான் சுவிட்ச்.

"என்னங்க, கோப்பையில இன்னும் பால் ஊத்தலையா?" என்று பக்கத்துக் கோப்பையில் இருந்த ஒருவர் ஒருநாள் கத்தினார்.

"பால் ரெடிங்க. மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடலை" என்றார் டீ மாஸ்டர்.

ராட்டினம் கிளம்பியதும் அந்தப் பிள்ளை கன்னத்தைச் சக்கரத்தில் அழுத்திக்கொண்டு சிரிக்கும். ஐயோ, அந்தச் சிரிப்பு! "வீட்டுல இப்படி ஒருநாள் கூடச் சிரிச்சதில்லைண்ணே" என்று அதன் அம்மா அவரிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

போன வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலிலேயே சாய்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவருக்கு மரியாதை என்று ராட்டினத்தைப் பூட்டி, கறுப்புத் துணி கட்டினோம்.

அந்தப் பிள்ளை வந்தது. பூட்டைப் பார்த்தது. கம்பிக் கதவில் தலையை முட்டி முட்டி அலறியது. அம்மா கட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு ஓடாதாண்ணே? இதுக்குத்தான் வாரமெல்லாம் உசிரைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா" என்றார்.

அப்போதுதான் அவருடைய சாப்பாட்டுப் பையை வாங்கிப் போக வந்திருந்த தங்கச்சி குறுக்கே வந்தது. தாலி கட்டியவரைப் பறிகொடுத்து இரண்டே நாள்! "அவர் போனதுக்கு இந்தப் பிள்ளைக்கு எதுக்குத் தண்டனை? அவிழ்த்துப் போடுங்கய்யா அந்தத் துணியை!" என்றது.

அவிழ்த்தோம். திறந்தோம். அந்தப் பிள்ளை நீலக் கோப்பையில் ஏறியது. நான் சுவிட்ச் பக்கத்தில் நின்று, "போகலாமா?" என்றேன். மற்றப் பிள்ளைகள் கத்தினார்கள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் பார்த்தது. கையை மடியில் வைத்துக்கொண்டது. எடுக்கவே இல்லை.

காத்திருந்தோம். கத்திய பிள்ளைகளும் அடங்கிப்போனார்கள். கடைசியில் அதுவாக இறங்கி, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

நாங்கள் பூட்டி வைத்ததா மரியாதை? அந்தப் பிள்ளை கை வைக்காமல் இருந்ததல்லவா மரியாதை!

டீ மாஸ்டரே, என் தம்பியே! உமக்குச் சிலை வைக்க எங்களுக்கு வக்கில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பை ராட்டினம் பூட்டிக் கிடக்காது. பிள்ளையின் அம்மா இங்கே கடைசி வரிசையில் இருக்கிறார். அம்மா, கூட்டி வாருங்கள். அது கை வைக்கிற வரைக்கும் சுவிட்சைத் தொட மாட்டோம். ஒரு மாதம் ஆகட்டும், ஒரு வருடம் ஆகட்டும்.

சபையோரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேரப்பிள்ளையோடு பக்கத்துக் கோப்பையில் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருங்கள்.