வெள்ளைச் சதுரம்

இரவு பதினொன்று ஐம்பது. மெக்சிகோ நகரத்துக்கு அடியில், ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்கு மாறிப் போகும் நீண்ட சுரங்க நடைபாதை. ஒரே ஆள்... நிக்காந்த்ரோ. நம் எவாரிஸ்தோ இருக்கிறானே, அவனுடைய மாமனார். எவாரிஸ்தோ குடிக்காத ஒரு நாளில் இதைச் சொன்னான்.

மலைக் கிராமத்திலிருந்து ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார். காலை ஏழு மணிக்கு மகள் ரொசெந்தாவுக்கு அறுவை சிகிச்சை. எளிதில் கிடைக்காத ரத்தம். குடும்பத்தில் அவருக்கு மட்டும்தான் அதே வகை. ரத்தம் வந்து சேராமல் கத்தி வைக்க மாட்டோம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு எழுத்து தெரியாது. மருமகன் போனிலேயே வழி சொல்லியிருந்தான்.

"படத்தப் பாருங்க மாமா. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படம் இருக்கும். பீரங்கியில எறங்கி ரயில் மாறுங்க. அடுத்தது தொப்பி. அதுக்கடுத்தது சிலுவை, ஆஸ்பத்திரி அங்கதான், எறங்கிடுங்க. வழியில எதையும் தின்னுடாதீங்க, இங்க ரத்தம் குடுக்க வெறும் வயித்தோட வரணும்."

"திருவிழாவுக்கா வர்றேன்? போடா."

பீரங்கி வந்தது. மாறினார். கடைசி ரயில். பெட்டியில் வேறு யாரும் இல்லை. சூடான ரப்பர் நாற்றம்.

தொப்பி வந்தது. கதவு மூடியது.

பிறகு... சுரங்கம் முடியவே இல்லை.

சக்கரச் சத்தம் மெல்ல அடங்கியது. ரயில் நின்றது. எட்டிப் பார்த்தார். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் சதுரம்.

ஒரு பெண் ஏறினாள். தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூள், இடிந்த கட்டடத்துக்குள்ளிருந்து வந்தவள்போல். அத்தனை இருக்கைகள் காலியாக இருக்க, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சிலுவை போயிடுச்சா ஐயா?"

"இல்லம்மா. அடுத்தது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." முடியில் இருந்த தூளைத் தட்டினாள். "பையன் அங்க படுத்திருக்கான். ரத்தம் வேணும். என்னோடது சேரலன்னுட்டாங்க."

"எனக்கும் மக அங்கதான். அவளுக்குக் குடுக்கத்தான் போறேன்."

"என்ன வகை?"

சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் முழங்கை மடிப்பில் கை வைத்தாள். ஈரச் சிமெண்டுபோல் சில்லென்று. ஸ்பிரிட் வாடை.

"கண்ண மூடிக்குங்க ஐயா. கொஞ்ச நேரந்தான்."

மூடினார்.

கதவு ஊதல் கேட்டுக் கண் திறந்தால், சிலுவை. பெட்டி நிறைய வேலைக்குப் போகிற கூட்டம். அந்தப் பெண் இல்லை. இரண்டு நிமிடம் கண் அசந்திருப்போம் என்று நினைத்தார்.

படியேறி மேலே வந்தார். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எவாரிஸ்தோ ஓடி வந்தான். "ராத்திரி பூரா எங்க மாமா போனீங்க? மாறினப்புறம் ரெண்டே ஸ்டேஷன்தானே!"

தலை சுற்றியது. பசி என்று எண்ணிக்கொண்டார்.

உள்ளே, நர்ஸ் அவரது இடக்கைச் சட்டையைச் சுருட்டினாள். அப்படியே நின்றாள்.

"என்ன ஐயா இது? இப்பத்தான் எங்கயோ குடுத்துட்டு வந்திருக்கீங்க. மறுபடி எடுக்க முடியாது."

முழங்கை மடிப்பில் பஞ்சு. மேலே பிளாஸ்திரி. நடுவில் சிவப்பு, இன்னும் ஈரமாக.

"ஏழு மணிக்கு மகளுக்கு ஆபரேஷன், தாயி. அந்தக் கைய விடு. இதுல எடு."

வலக்கையை நீட்டினார். அவள் சட்டையை மேலே தள்ளினாள்.

அதிலும் பஞ்சு.