உள்ளே உட்காருகிறவர்களுக்கு

— அதெப்படிம்மா, நம்ம மோட்டாரு வண்டிக்கு ஒண்ணும் வேணாம், எதுத்தாப்புல வர்றவனுக்கு மட்டும் இருந்தா போதும்னு சொல்றீங்க? விழுப்புரத்துலேர்ந்து ரயிலேறி வந்தவன தல சுத்த வைக்கிறீங்களே.

— தல சுத்துனா மோரு குடிங்க, மாசிலாமணி அண்ணே. சொம்புல இருக்கு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— ரைட். ஆனா ஒண்ணு, பல்கீஸ் பீவி. ஏஜெண்டு வேலைக்கு வந்து இத்தினி வருஷத்துல, திரைக்குப் பின்னால நிக்கறவங்களுக்கு இன்சூரன்சு சொல்லிக் குடுக்கறது இந்தத் திண்டிவனத்துல உங்களுக்கு மட்டும்தான். மூஞ்சியப் பாத்தாதானே புரிஞ்சிதா இல்லியான்னு தெரியும்.

— புரியலன்னா கேப்பேன். மொத வகைய இன்னொரு தரம் சொல்லுங்க.

— மொதலாவது, மூணாம் ஆளு பாலிசி. கம்பெனி ஒண்ணாம் ஆளு. வண்டிக்காரரு ரெண்டாம் ஆளு. ரோட்டுல போற வர்ற ஜனம் மூணாம் ஆளு. நம்ம வண்டி ஒருத்தன் மேல ஏறிடுச்சுன்னு வைங்க. அவனுக்குக் கோர்ட்டு சொல்ற நஷ்டத்த நமக்காவ கம்பெனி குடுக்கும். வர்ற ஜூலையிலேர்ந்து இது இல்லாம ரோட்டுல வண்டி ஓட்டக்கூடாது. சர்க்கார் சட்டம்.

— ஓட்டுனா?

— புடிப்பாங்க. ஜெயிலு கூட உண்டு.

— அப்ப அது வேணும். இன்னிக்கே வேணும்.

— போட்டுடுவோம். ஆனா அதுல நம்ம வண்டிக்கு ஒரு சல்லி கெடையாது. புளியமரத்துல மோதி அப்பளமா நொறுங்கினாலும் கம்பெனி திரும்பிப் பாக்காது. அதுக்குத்தான் மத்த ரெண்டு வகை. நெருப்புக்கும் திருட்டுக்கும் ஒண்ணு. ஷெட்டுல நிக்கிற வண்டிக்கு நீங்க வருஷா வருஷம் போட்டுக்கினு வர்றீங்களே, அது. எல்லாத்துக்கும் சேத்து ஃபுல் பாலிசி ஒண்ணு. மோதல், நெருப்பு, திருட்டு, மூணாம் ஆளு, எல்லாம் அடக்கம்.

— திருட்டுன்னா எது திருட்டு? யாரு எடுத்தா?

— வெளியாளு எடுத்தாதான். சொந்தக்காரரே எடுத்துக்கினு போனா திருட்டாவுமா? உங்க வூட்டுக்காரரு பாட்சா அண்ணன் நாளைக்கே பினாங்குலேர்ந்து வந்து எறங்கி வண்டிய எடுக்கறாருன்னு வைங்க, கம்பெனி என்னான்னு கேக்கும்? மன்னிச்சுக்குங்க. வாய்க்கு வந்துடுச்சு.

— பரவால்ல. ஊருல எல்லாருக்கும் வாய்க்கு வர்றதுதான்.

— தப்பா நெனைக்கலன்னா கேக்கறேன். சண்ட முடிஞ்சு கப்பலும் விட்டாச்சு. வளவனூர்க்காரங்க, கோட்டக்குப்பத்துக்காரங்க எல்லாம் வந்து சேந்துட்டாங்க. அண்ணன்கிட்டேர்ந்து சேதி ஏதாச்சும்?

— ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி போட்ட தபாலு ஒண்ணுதான். வண்டியப் பாத்துக்கன்னு எழுதியிருந்தாங்க. என்னப் பத்தி ஒண்ணும் எழுதல. வண்டின்னா என்னையும் சேத்துத்தான்னு நெனச்சுக்கினேன்.

— பாத்துக்கினீங்க. அத நான் எந்தக் கோயில்லயும் சொல்வேன். பெட்ரோலுக்கு ஜனம் லோலுபட்டப்ப கூட, வாரா வாரம் ராயப்பனக் கூப்ட்டு இஞ்சினு போட வெச்சீங்க. டயருக்குக் காத்தடிச்சீங்க.

— அவங்க வந்து சாவிய முடுக்குனா வண்டி ஒடனே கெளம்பணும், அண்ணே. வந்த மனுசன் வெயில்ல நின்னுக்கினு மெக்கானிக்க தேடக்கூடாது. தொடைக்கறப்ப வளையலக் கழட்டி வெச்சுடுவேன். பட்டா பெயிண்டு கீறும்.

— இப்படி வளத்த வண்டிய வெறும் மூணாம் ஆளு பாலிசியோட ரோட்டுக்கு விடறீங்களே. நான் கமிஷனுக்காவ சொல்லல. சரி, கமிஷனுக்காவவும்தான். ஃபுல் போடுங்கம்மா. அதுல வண்டிக்காரருக்கும் சம்சாரத்துக்கும் அடிபட்டா கூட பணம் உண்டு.

— சம்சாரம்னா?

— சம்சாரம்னா நீங்கதான்.

— நிக்காஹ் பண்ணவங்க எத்தினி பேரு இருந்தாலுமா?

— நல்லா கேட்டீங்க போங்க. பாலிசி எழுதனவன் வெள்ளக்காரன். சம்சாரம்னா அவனுக்கு ஒண்ணுக்கு மேல எண்ண வராது.

— அப்ப அது வேணாம். வண்டி நசுங்குனா நசுங்கட்டும், எரிஞ்சா எரியட்டும். மூணாம் ஆளு போதும். மத்தவங்க யாராச்சும் உள்ள ஒக்காந்துக்கினு போனா, அவங்களுக்கு?

— மூணாம் ஆளுல அவங்க வரமாட்டாங்க. உள்ள ஒக்கார்றவங்களுக்குன்னு தனியா சேத்து எழுதணும்.

— பேரு சொல்லணுமா? பேரு தெரியலன்னா?

— பேரே வேணாம். எத்தினி பேருன்னு போட்டா போதும்.

— கைக்கொழந்தைக்கும் உண்டா?

— உண்டும்மா. அதுக்கென்னா, நல்ல வார்த்ததான் கேட்டீங்க. ஆண்டவரு மனசு வெச்சா, அண்ணன் வந்ததும் அதுவும் நடக்கும். எங்க வூட்டுல சவுரியம்மா உங்களுக்காவ ஜெபம் பண்ணாத நாளில்ல.

— பண்ணச் சொல்லுங்க. ரெண்டு பேருன்னு எழுதுங்க.

— ரெண்டு பேரு. எழுதியாச்சு. பாலிசி அமீர் பாட்சா பேர்லயே இருக்கட்டும். அவரு குடுத்துட்டுப் போன பவர் பத்திரம் இருக்கறதால நீங்களே கையெழுத்து போடலாம். ஷெட்டு சாவியக் குடுங்க. பிரேக்கு, வெளக்கு ரெண்டையும் ஒரு பார்வ பாத்துட்டு ஜல்தியா கெளம்பறேன். மூணு மணி ரயில விட்டா பேஜாரு.

— ஷெட்டு தொறந்துதான் இருக்கு. வண்டி இல்ல.

— இல்லன்னா? ராயப்பன் எடுத்துக்கினு போயிருக்கானா?

— அவன் இல்ல.

— அய்யோ, என்னம்மா இவ்ளோ நிதானமா சொல்றீங்க? பழைய பாலிசி இன்னும் முடியல. திருட்டு அதுல இருக்கு. ஸ்டேஷன்ல ஒரு பிராது எழுதிக் குடுத்துடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன். ஒங்களுக்குப் பணம் முழுசா வந்து சேரும்.

— திருட்டு இல்ல, அண்ணே.

— பாட்சா அண்ணன் வந்தாரா?

— வெள்ளிக்கெழம பகல்ல. ஆம்பளைங்க எல்லாம் தொழுகைக்குப் போயி தெரு காலியா இருந்தப்ப. ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தேன். நடையப் பாத்தே தெரிஞ்சிடுச்சு. எளச்சுட்டாங்க. கதவத் தட்டுவாங்கன்னு முக்காட்ட சரி பண்ணிக்கினு வந்து நின்னேன். அவங்ககிட்டயும் ஒரு சாவி இருந்துச்சு. இஞ்சினு சத்தந்தான் கேட்டுச்சு. மொத முடுக்குலயே கெளம்பிடுச்சு.

— கூப்ட்டிருக்கலாமேம்மா.

— கூப்டத்தான் வாயத் தொறந்தேன். பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு, மடியில கைக்கொழந்தையோட ஒக்காந்திருந்துச்சு. அந்த ரெண்டு பேருக்குத்தான் எழுதச் சொன்னேன்.